குதிரையேற்றப் போட்டிகளை நாட்டளவில் நடத்துவது யார்? ஓர் எளிய விளக்கம்

சென்னையில் குதிரை என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருபவை கிண்டி ரேஸும், புதுப்பேட்டையின் குதிரைப்படைக் காவலர்களும், மெரினா மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் சவாரியும்தான். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் குதிரையேற்றத்துக்கும் இவற்றுக்கும் நிர்வாக ரீதியில் சம்பந்தம் மிகக் குறைவு. குதிரைப் பந்தயத்தை நடத்துபவை டர்ஃப் கிளப்கள். 1896இல் உருவான மெட்ராஸ் ரேஸ் கிளப் அவற்றில் ஒன்று. போலோவுக்கு இந்திய போலோ சங்கம் தனியாக இருக்கிறது. தாண்டுதலான ஷோ ஜம்பிங், நடைப் பயிற்சியின் நுட்பமான டிரஸ்ஸாஜ், மூன்று பரீட்சைகளை ஒன்றாகச் சேர்த்த ஈவென்டிங், நெடுந்தூர ஓட்டமான எண்டூரன்ஸ், ஈட்டியால் தரையில் நட்ட முளையைக் குத்தி எடுக்கும் டென்ட் பெக்கிங் ஆகியவை இந்திய குதிரையேற்றக் கூட்டமைப்பின் பொறுப்பு. டெல்லியில் இயங்கும் இந்த அமைப்பைச் சுருக்கமாக இ.எஃப்.ஐ. என்பார்கள்.

இதற்கு மேலே இருப்பது 1921இல் தொடங்கப்பட்டு, ஸ்விட்சர்லாந்தின் லோசானில் இயங்கும் உலகக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. இரண்டு சுருக்கப் பெயர்களும் எழுத்து மாறினாற்போல இருப்பதால் புதியவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். இனி உள்நாட்டு அமைப்பைக் கூட்டமைப்பு என்றும், உலக அமைப்பை எஃப்.இ.ஐ. என்றும் குறிப்பிடுவோம். எஃப்.இ.ஐ. ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு தேசிய அமைப்பைத்தான் அங்கீகரிக்கும். சர்வதேசப் போட்டிக்கு ஒருவர் தானாகவே பெயர் கொடுத்துவிட முடியாது. அவருடைய நாட்டின் கூட்டமைப்பு வழியாகத்தான் பெயர் போக வேண்டும். ஜெர்மனியில் தங்கிப் பயிற்சி எடுத்து, அங்கேயே போட்டியிடும் இந்தியருக்கும் டெல்லி அலுவலகத்தின் பதிவும் ஒப்புதலும் தேவை.

விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே களத்தில் இறங்குவது இரண்டு விளையாட்டு வீரர்கள். அதில் ஒருவர் வாயில்லா ஜீவன். கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று குதிரையால் சொல்ல முடியாது. கூட்டமைப்பு கேட்கும் காகிதங்கள், நியமிக்கும் அதிகாரிகள், வைக்கும் சோதனைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் குதிரையின் சார்பாகப் பேசுவதற்குத்தான். தேவையில்லாத கெடுபிடி என்று முதலில் தோன்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

குதிரையின் காகிதங்கள்

சவாரி செய்பவரின் பதிவு எளிது. பிறந்த தேதிக்கான சான்று, கிளப்பின் விவரம், படிவம், கட்டணம், அவ்வளவுதான். வயதுப் பிரிவு பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, ஆண்டைத்தான் பார்க்கும். எஃப்.இ.ஐ. கணக்கில் 12 முதல் 14 வரை சிறுவர், 14 முதல் 18 வரை ஜூனியர், 16 முதல் 21 வரை யங் ரைடர். ஒரே ஆண்டின் டிசம்பரில் 18 முடிக்கும் பிள்ளையும் ஜனவரியில் முடிக்கும் பிள்ளையும் ஒரே கணக்கில் வருவார்கள். பிள்ளையின் வயதைப் பிறந்தநாளில் இருந்து எண்ணும் பெற்றோர் இங்கேதான் தவறான பிரிவில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஆண், பெண் என்ற பிரிவு மட்டும் கிடையாது. எந்த வகுப்பானாலும் இரு பாலரும் ஒரே பட்டியலில்தான் போட்டியிடுகிறார்கள்.

சிக்கலெல்லாம் குதிரையின் பதிவில்தான். நம் ஊர் கிளப்களில் இருக்கும் குதிரைகளில் பல, ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் எனும் பந்தய இனக் குதிரைகள். அவற்றுக்கு ஏற்கெனவே ஓர் அடையாளப் பத்திரம் இருக்கும். கை மாறும்போது குதிரை வரும், பத்திரம் வராது. அல்லது பத்திரம் வரும், உரிமையாளர் பெயர் பழையதாகவே இருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று இது தெரியவந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. குதிரை வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்பே பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

அடையாளப் பத்திரத்தில் குதிரையின் வெளிக்கோட்டுப் படம் அச்சிட்டிருக்கும். நெற்றியில் உள்ள வெள்ளை, கால்களில் எதுவரை வெள்ளை ஏறியிருக்கிறது, முடிச் சுழிகள் எங்கெங்கே உள்ளன என்று எல்லாவற்றையும் கால்நடை மருத்துவர் அதில் வரைய வேண்டும். கழுத்தின் இடதுபுறம் செலுத்திய மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் இருக்கும். போட்டித் திடலின் வாசலில் ஸ்கேனரை வைத்ததும் வரும் எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிப் சில நேரம் தசைக்குள் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஸ்கேனர் ஒலிக்கவில்லை என்றால் பதறாமல் கழுத்து முழுவதும், வலதுபுறமும் சேர்த்து, மெதுவாகத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது தடுப்பூசிப் பக்கம். எஃப்.இ.ஐ. போட்டிகளுக்குக் குதிரைக் காய்ச்சலான இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி கட்டாயம். முதல் சுற்று ஊசிகள் முடிந்த பிறகு, திடலுக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய 6 மாதம் 21 நாட்களுக்குள் ஒரு பூஸ்டர் போட்டிருக்க வேண்டும். அதே நேரத்தில், வந்து சேர்வதற்கு முந்தைய 7 நாட்களில் ஊசி போட்டிருக்கவும் கூடாது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் தேதி விழ வேண்டும். நடைமுறையில் தவறுவது ஊசி போடுவதில் அல்ல, எழுதுவதில். மருந்தின் பேட்ச் எண்ணை ஒட்ட மறப்பது, கையெழுத்து இருந்து முத்திரை இல்லாமல் போவது, தேதியை அடித்துத் திருத்துவது போன்றவற்றால் போட்ட ஊசியும் போடாத கணக்கில் போய்விடும்.

நம் நாட்டில் இதோடு இன்னொரு கவலையும் சேர்கிறது. கிளாண்டர்ஸ் எனும் தொற்று குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அது தென்பட்டால் அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும். நோய் உறுதியான குதிரையைக் காப்பாற்ற வழியில்லை, கருணைக்கொலைதான். அதனால் வெளியூர்ப் போட்டிக்கு லாரியில் ஏற்றும் முன் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பது வழக்கம். இந்த நோய்க்கான தேசிய ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம். மாதிரி அங்கே போய் முடிவு திரும்பி வரும் காலத்தையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு பெரிய பலம். ரத்தம் எடுப்பது, சான்று, பத்திரத்தில் அடையாளங்களை வரைவது ஆகியவற்றுக்கு யாரிடம் போக வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

போட்டித் திடலில் யார் யார்?

கூட்டமைப்பின் முகம் அதன் தலைவர் அல்ல, திடலில் நிற்கும் அதிகாரிகள்தான். நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். கோர்ஸ் டிசைனர் தடைகளின் உயரத்தையும் இடைவெளியையும் தீர்மானிக்கிறார். விதிப்படி எல்லாம் அமைந்திருக்கிறதா என்று டெக்னிகல் டெலிகேட் பார்க்கிறார். கால்நடை மருத்துவர் குதிரைகளின் உடல்நிலைக்குப் பொறுப்பு. பயிற்சித் திடலிலும் லாயத்திலும் கண் வைத்திருப்பவர் ஸ்டூவர்ட். இவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி, தேர்வு வைத்து, நிலை நிலையாக உயர்த்துவது கூட்டமைப்பின் வேலைகளில் முக்கியமானது என்பேன். போட்டிகளை அறிவிப்பது எளிது. நல்ல ஸ்டூவர்ட் ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பல சர்வதேசப் போட்டிகளில் முதல் சவாரிக்கு முன்பாகவே குதிரை ஒரு பரீட்சையைத் தாண்ட வேண்டும். அதைக் குதிரை ஆய்வு என்பார்கள். கெட்டியான, சமமான தரையில் ஒரு நேர்க்கோடு. குதிரையின் மேல் சேணம் இருக்காது, கடிவாளம் மட்டும்தான். சவாரி செய்பவரோ, குதிரையைப் பராமரிக்கும் சைஸோ கடிவாள வாரைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு குதிரையோடு ஓட, நடுவர்களும் மருத்துவரும் பக்கவாட்டில் நின்று பார்ப்பார்கள். தலை ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவாக ஆடுகிறதா, ஏதாவது ஒரு கால் தரையில் பட்டதும் தலை சட்டென மேலே போகிறதா, நான்கு லாடங்களின் ஒலியும் ஒரே தாளத்தில் வருகிறதா என்பதைத்தான் கவனிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் குதிரையைத் தனியாக ஓர் இடத்துக்கு அனுப்பி, இன்னொரு மருத்துவர் தொட்டுப் பார்த்து, மறுபடியும் ஓட விடுவார்கள். முடிவு இரண்டில் ஒன்று: ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. இங்கே பலர் செய்யும் தவறு, வாரை இறுக்கிப் பிடித்து ஓடுவது. குதிரையின் தலை ஆடாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். மருத்துவருக்கோ அது மறைப்பதாகத் தெரியும், மறுபடி ஓடச் சொல்வார்.

பயிற்சித் திடலில் ஸ்டூவர்ட் கவனிக்கும் இன்னொன்று மூக்குப் பட்டை. பட்டையை இறுக்கிக் கட்டினால் குதிரை வாயைத் திறக்க முடியாது, பார்க்க அடங்கி நடப்பதுபோல் இருக்கும். முன்பெல்லாம் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்றார்கள். விரலின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 2025 முதல் எஃப்.இ.ஐ. அதற்கென ஓர் அளவுக் கருவியைக் கொண்டுவந்திருக்கிறது. கருவி நுழையவில்லை என்றால் பட்டையைத் தளர்த்தியே ஆக வேண்டும். பயிற்சித் தடைகளில் சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளைக் கொடி இடப்பக்கம். அந்தத் திசையில் மட்டுமே தாண்டலாம். சவாரி செய்பவர் நடத்தை தவறினால் மஞ்சள் எச்சரிக்கை அட்டை கிடைக்கும். 12 மாதங்களுக்குள் இரண்டாவது அட்டை வந்தால் இரண்டு மாதம் தடை.

மதிப்பெண் முறை பார்வையாளருக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளி, முதல் முறை குதிரை மறுத்து நின்றால் 4, எஃப்.இ.ஐ. விதிப்படி இரண்டாவது மறுப்பிலேயே வெளியேற்றம். கீழே விழுந்தாலும் வெளியேற்றம்தான். டிரஸ்ஸாஜில் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திடலில் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கடைசியில் சதவீதமாகச் சொல்வார்கள். எண்டூரன்ஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கே முதலில் வருவது மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் 15 நிமிடத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கோ அதற்குக் கீழோ இறங்கவில்லை என்றால் அடுத்த சுற்று கிடையாது. குதிரையேற்ற விதிகளிலேயே நேர்மையானது இதுதான் என்று தோன்றும். சவாரி செய்தவர் எவ்வளவு அவசரப்பட்டார் என்பதைக் குதிரையின் நெஞ்சே சொல்லிவிடுகிறது.

சென்னை வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் வெட் பல்ப் குளோப் அளவு 33ஐத் தாண்டினால் ஈவென்டிங்கின் ஒரு பரீட்சையான, திறந்தவெளியில் ஓடித் தாண்டும் கிராஸ் கன்ட்ரி நடத்த உகந்த நிலை இல்லை என்பது எஃப்.இ.ஐ.யின் வழிகாட்டுதல். கத்திரி வெயிலில் இங்கே விளையாட்டு ஏன் அடங்கிப்போகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஈரப்பதம் அதிகமுள்ள ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும்; தோல் உலர்ந்து, மூச்சு வாங்கும். அந்தக் குதிரையைப் போட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. ஓடி முடித்த குதிரையின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். உடல் முழுவதும் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றுவதுதான் வேகமாகக் குளிர வைக்கும்.

ஊக்கமருந்து: மிளகாயும் குற்றம்

மனிதருக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் விதிகள், குதிரைக்கு எஃப்.இ.ஐ.யின் தனிப் பட்டியல். அதில் இரண்டு வகை. எப்போதும் கூடாதவை ஒன்று. சிகிச்சைக்குக் கொடுக்கலாம், ஆனால் போட்டியின்போது உடலில் இருக்கக் கூடாதவை இன்னொன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கேப்சைசின் இருந்ததாகச் சில குதிரைகள் பிடிபட்டன. நார்வே ஜம்பிங் அணி வெண்கலத்தை இழந்தது. கேப்சைசின் என்பது மிளகாயின் காரம்தான். காலில் தடவினால் வலியை மரக்கச் செய்யும்; வேறு விதமாகப் பயன்படுத்தினால் கால் எரிந்து, கட்டையைத் தொடவே பயந்து குதிரை உயரமாகத் தாண்டும். இரண்டுமே கொடுமை.

பொறுப்பு யாருடையது என்றால், எஃப்.இ.ஐ. விதிகளில் முதலில் நிற்பவர் குதிரையில் ஏறுபவர்தான். தெரியாமல் நடந்தது என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. அதனால் லாயத்தில் சில பழக்கங்கள் வேண்டும். மூட்டு வலிக்கு மிளகாய்ச் சாறு கலந்த தைலம் பூசிய கையோடு குதிரையைத் தேய்க்கக் கூடாது. சைஸ் குடித்து மிச்சம் வைத்த டீயையோ காபியையோ கொள்ளு வாளியில் ஊற்றக் கூடாது. கஃபீன் பட்டியலில் இருக்கிறது. லாயத்துக்குள் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது. மனிதர் சாப்பிட்ட மருந்து சிறுநீர் வழியாக வைக்கோலில் சேர்ந்து, அதைத் தின்ற குதிரை சோதனையில் மாட்டிய சம்பவங்கள் உண்டு. கடைசியாக, என்ன மருந்து, எவ்வளவு, எந்த மணிக்கு என்று எழுதும் நோட்டு ஒன்று ஒவ்வொரு குதிரைக்கும் இருக்க வேண்டும். சைஸ்களுக்கு இவற்றைத் தமிழில் சொல்லிக் கொடுக்காத கிளப், எவ்வளவு நல்ல குதிரை வைத்திருந்தாலும் ஆபத்தில்தான் இருக்கிறது.

இந்தியர்கள் ஏன் ஐரோப்பாவில் சவாரி செய்கிறார்கள்?

குதிரை ஒரு நாட்டின் எல்லையைக் கடக்க அந்த நாட்டின் தனிமைப்படுத்தல் விதிகளைத் தாண்ட வேண்டும். 1956இல் மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்தபோது, ஆஸ்திரேலியாவின் விதிகளால் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்த வேண்டியிருந்தது. இந்தியாவில் குதிரை நோய்கள் இருப்பதால் இங்கிருந்து புறப்படும் குதிரையைப் பல நாடுகள் எளிதில் உள்ளே விடுவதில்லை. எனவே உயர்மட்டத்தில் போட்டியிடும் இந்தியர்கள் ஐரோப்பாவில் குதிரை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ அங்கேயே தங்குகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் ஈவென்டிங்கில் 23ஆவது இடம் பிடித்த ஃபவாத் மிர்சாவும், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்ற நால்வரும் அப்படித்தான். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. இதன் மறுபக்கம் கசப்பானது: ஐரோப்பாவில் இருக்க வசதி இல்லாத திறமைசாலிக்கு மேல்படி எட்டாமலே போகிறது.

இரண்டு வழிகள் இதைச் சற்றுத் தளர்த்துகின்றன. மீரட் கண்டோன்மென்ட்டில் ராணுவக் கால்நடைப் படையின் மையம் நோயற்ற குதிரை வளாகமாக 2025 ஜூலையில் உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அங்கே கடும் கட்டுப்பாட்டில் வைத்த குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அது வாசலைத் திறக்கிறது. இன்னொன்று எஃப்.இ.ஐ. வேர்ல்ட் சேலஞ்ச். தடைகளின் வரைபடத்தை எஃப்.இ.ஐ. அனுப்பும், அதே வரைபடத்தை ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் அமைத்துப் போட்டி நடத்தும், முடிவுகளை உலக அளவில் வரிசைப்படுத்துவார்கள். குதிரை எல்லை தாண்டவே தேவையில்லை. பெங்களூரில் இது நடந்திருக்கிறது. சென்னையிலிருந்து குதிரை லாரிக்கு அது ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணம். இங்கே கற்கும் இளைஞர் ஒருவர் உலகத் தரவரிசையை முதலில் எட்டிப் பார்க்க இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி.

தேர்வு, ஓட்டு

பெரிய போட்டிகளுக்கு முதலில் குறைந்தபட்சத் தகுதியை எட்ட வேண்டும். இன்ன நிலைப் போட்டிகளில் இத்தனை முறை, இவ்வளவு சதவீதம் என்பது அதன் கணக்கு. சவாரி செய்பவரும் குதிரையும் ஜோடியாக எட்ட வேண்டும். குதிரை மாறினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாரிஸ் 2024 ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் இந்தியாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் நாட்டுடையது, அதைப் பெற்றுத் தந்தவருடையது அல்ல. யாரை அனுப்புவது என்பதைக் கூட்டமைப்பு சமீபத்திய மதிப்பெண்களின் சராசரியை வைத்துத் தீர்மானித்தது. அனுஷ் அகர்வாலா சென்றார். தேர்வு விதிகளை முன்கூட்டியே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளியிடுவது கூட்டமைப்பின் கடமை. பாதியில் மாற்றினாலோ தெளிவில்லாமல் எழுதினாலோ விவகாரம் நீதிமன்றம் போகிறது; குதிரையேற்றத்தில் அது நடந்தும் இருக்கிறது.

நிர்வாகத்தில் ராணுவத்தின் கை நீண்ட காலமாக ஓங்கியே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. குதிரைகளும், திடல்களும், பயிற்சி பெற்ற ஆட்களும் நாட்டில் அதிகம் இருந்த இடம் ராணுவம்தான். ஆனால் கூட்டமைப்பில் ஓட்டு யாருக்கு என்பது தீராத சர்ச்சை. தேசிய விளையாட்டு விதித்தொகுப்பு மாநிலச் சங்கங்களை அடிப்படையாக வைக்கச் சொல்கிறது. இங்கோ கிளப்களும் நிறுவனங்களும்தான் உறுப்பினர்களாக வளர்ந்திருக்கின்றன. இதையொட்டிய வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் எல்லாக் கூட்டமைப்புகளுக்கும் பொதுவான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருக்கிறது: செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது நான்கு பெண்கள், சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவர். தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. கிளப்கள் மட்டுமே இருக்கும் சென்னை போன்ற நகரங்களுக்கு மாநில அளவில் வலுவான சங்கம் தேவைப்படும் காலம் இது.

சிறிய வட்டத்தில் இன்னொரு பிரச்சினை. பயிற்சியாளர், போட்டி அமைப்பாளர், நடுவர் என எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தன் மாணவருக்கோ தன் குதிரைக்கோ ஒருவர் நடுவராக இருக்கக் கூடாது. உள்ளூர்ப் போட்டி அழைப்பிதழில் அதிகாரிகளின் பெயர்களை முதலில் படியுங்கள். வெளியூர் நடுவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் என்று பெயர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

முடிவில் ஆட்சேபம் இருந்தால் வாய்ச்சண்டைக்கு மதிப்பில்லை. எஃப்.இ.ஐ. விதிகளின்படி முடிவை அறிவித்து 30 நிமிடத்துக்குள், எழுத்தில், கையெழுத்துடன், வைப்புத் தொகையோடு நடுவர் குழுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். எந்த விதி எண் மீறப்பட்டது என்று குறிப்பிடுங்கள், பார்த்த சாட்சியின் பெயரையும் எழுதுங்கள். குதிரையைக் குளிப்பாட்டி லாயத்தில் கட்டிவிட்டு வந்து எழுதலாம் என்று போனால் அந்த அரை மணி நேரம் முடிந்திருக்கும். குதிரையைச் சைஸிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றும் முன்பே பேனாவை எடுங்கள்.